திரைக்கம்பியின் அச்சு

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் சட்டையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். நாளை ஆய்வுக் குழுவிடம் ஆலையின் சார்பில் பேசப் போகிறவர் கசங்கி நிற்கக் கூடாது.

இன்று நண்டுக் கணக்கெடுப்புக்காக அலையாத்திக் காட்டுக்குப் போனேன். உங்கள் ஆலைக் கழிவுநீர் விழும் ஓடைக்கரையில் போன மாதம் ஒரு நண்டு வளைகூட இல்லை. இன்று சேறெங்கும் வளைகள்.

"மேடம், நண்டெல்லாம் திரும்பி வந்துடுச்சு!" என்று என் உதவியாளர் குதித்தாள்.

நண்டு தோண்டினால் வாசலில் மண்ணுருண்டை கிடக்கும். இங்கே ஒன்றுகூட இல்லை. வழக்கம்போல ஒரு வளையில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தேன். வளைந்து நெளிந்து வர வேண்டியது நேராக வந்தது, நுனியில் குமிழோடு. நம் கூடத்துத் திரைக்கம்பியேதான். அவள் பார்ப்பதற்குள் அச்சைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் சாப்பிடும்போது கேட்டீர்களே, "நண்ட எப்படி எண்ணுவீங்க? ஒவ்வொண்ணா பிடிச்சா?"

"வளையத்தான் எண்ணுவோம். வளைக்கு ஒரு நண்டு" என்று தாளில் வளையைப் படம் வரைந்து காட்டினேன்.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதும்பாங்க. அப்ப உங்க கணக்கு?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அச்சும் கம்பியும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நாளை குழுவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் சொல்வேன்.

கல்யாணமாகி முதல் தடவையாக என் வேலையைப் பற்றிக் கேட்கிறாரே என்று அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அவசரத்தில்தான் மண்ணுருண்டையைச் சொல்ல மறந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் படம் வரைந்து காட்டியவள்