முதல் வரியைத் தாண்டாத பெட்டி

கல்பாக்கம்
3-6-1979

அன்புள்ள தம்பி பன்னீர்செல்வத்துக்கு,

அண்ணி பார்வதம் எழுதுவது. நீ அனுப்பிய கம்ப்யூட்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் சிநேகிதர் மீனம்பாக்கத்திலிருந்து டாக்சி வைத்து நேராகக் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வாய் காபி குடிக்கச் சொல்லியும் நிற்கவில்லை. இரும்புப் பெட்டி, சின்னத் திரை, எழுத்துப் பலகை, புரோகிராம் பதிந்த ஃபிளாப்பித் தட்டைச் சொருகுகிற பெட்டி எதுவும் உடையவில்லை. எங்கள் வீட்டுக்கு டெலிவிஷன் வந்துவிட்டதென்று இந்தத் தெருவே எட்டிப் பார்த்தது.

உன் அண்ணனின் உடம்புக்கு ஒன்றுமில்லை. கண் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் சாம்பலைக் குழைத்துப் பூசினாற்போல ஒரு வட்டம், ஓரங்கள்தான் தெரிகின்றன என்கிறார். என்னைப் பார்த்தால் காதும் தோளும் தெரிகிறதாம், முகம் இல்லையாம். சென்னை டாக்டர் இதற்கு மருந்து கிடையாது, ஆனால் முழுக்க இருட்டாகவும் ஆகாது என்று சொல்லிவிட்டார். பாதி நல்ல செய்திதானே. உன் அண்ணன் மற்றப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். வாசலுக்கு வருவதில்லை, யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்கிறார். கண் விஷயம் அவருடைய அதிகாரி நரசிம்மன் சாரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியக் கூடாதாம்.

நரசிம்மன் சார் நல்ல மனிதர். அணுமின் நிலையத்தில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிற வேலையை ஆகஸ்டு முதல் தேதிவரை காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். தான் எழுதியதைத் தானே படித்துத் திருத்த முடிந்தால் போதுமாம். முடியாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நம் ஊர் கருங்குழிக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துக் காட்டும் புரோகிராமைத் தட்டில் போட்டு அனுப்புகிறேன் என்று நீ எழுதியபோது, அந்தக் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

ஆனால் பெட்டி வேலை செய்யவில்லை, தம்பி. இது உன் ஊர் நூற்றுப் பத்து வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிற பெட்டி என்பதால், நீ சொன்னபடியே டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சென்னையில் வாங்கிவரச் செய்து, அதன் வழியாகத்தான் இணைத்தேன். சுவிட்சைப் போட்டால் திரையில் முதல் வரி வருகிறது. அடுத்துத் தட்டு சுழலுகிற சத்தம், சிவப்பு விளக்கு. உடனே திரை இருண்டு, மறுபடி அதே முதல் வரி. மறுபடி தட்டு, மறுபடி இருட்டு. நிறுத்துகிறவரை இதுவேதான். தட்டிலிருந்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறினால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்று எழுதியிருந்தாய். அது ஏறுவதற்குள் பெட்டி திரும்பத் திரும்பப் புதிதாக விழித்துக்கொள்கிறது.

என்ன செய்யலாம் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உன் அண்ணன் காது கேட்கத்தான் எல்லாம் செய்தேன். அவர் எழுந்து வரவில்லை.

அன்புள்ள அண்ணி,
பார்வதம்


கல்பாக்கம்
1-7-1979

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நீ எழுதிய பதினோராம் நாளே வந்துவிட்டது. மின்சாரத்தை நிறுத்து, மூடியைக் கழற்று, அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, அவற்றின் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகு என்று படம் போட்டு எழுதியிருந்தாய். அப்படியே செய்தேன். இரண்டாவது தட்டையும் போட்டுப் பார்த்தேன். பழைய கதைதான்.

அன்று மதியம் தோற்றுப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்குரூ டிரைவரைத் தூக்கி எறிந்தேன் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்டு உள்ளே இருந்து உன் அண்ணன் பேசினார்.

"அந்தத் தட்டுப் பெட்டியோட கேபிளைக் கழட்டிட்டுப் போட்டுப் பாரு."

நான் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். முதல் வரி வந்தது. நின்றது. இருளவே இல்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அப்படியே நின்றது.

"நிக்குதுங்க" என்று கத்தினேன்.

"நிக்கும். தட்டோட மோட்டார் கிளம்பறப்ப டிரான்ஸ்ஃபார்மரோட உறுமல் இறங்குது. தினமும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மோட்டார் இழுக்கிறதைக் கொடுக்க முடியாம அது மூச்சு வாங்குது. வோல்டேஜ் விழுந்தா பெட்டி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

தினமும் கேட்டுக்கொண்டிருந்தாராம்! ஒரு மாதமாக நான் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறேன். கோபம் வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. "அப்படின்னா எழுந்து வந்து சொல்றதுதானே" என்று கேட்டேன். பிறகு கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு கூடத்துக்கு வந்து, பெட்டியின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். வோல்டேஜ் அளக்கிற அவருடைய பழைய மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொன்னார்.

பத்து வருஷமாகத் தூசி தட்டி வைத்திருக்கிறேனே தவிர அந்த மீட்டரை நான் தொட்டு அளந்ததில்லை. சிவப்பு முனையை எங்கே வைப்பது, கறுப்பு எங்கே, ஷாக் அடிக்காமல் இருக்க ஒரு கையை முதுகுக்குப் பின்னால் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார். முள் எங்கே நிற்கிறதென்று நான் படிக்க வேண்டும், அவர் கணக்குப் போடுவார். மோட்டார் இல்லாதபோது நூற்றுப் பத்து. கேபிளைத் திரும்ப மாட்டி மோட்டார் கிளம்பியதும் எண்பத்தைந்துக்கு விழுந்தது. நான் எண்ணைச் சொன்னதும் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தச் சத்தத்தை நான் கேட்டு எவ்வளவு காலமாகிறது தெரியுமா?

நல்ல டிரான்ஸ்ஃபார்மர் கட்டித் தருகிறவர் செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ரேடியோ கடை வைத்திருக்கிற பக்தவச்சலம். நான் மட்டும் போய் வருகிறேன் என்றேன். "நீ போனா என்ன கேக்கணும்னு தெரியாது" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க அடிக்க வந்தார்.

பக்தவச்சலம் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்ததுமே சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது! மேல எழுதிகீறது ஒண்ணு, உள்ள சுத்திகீறது ஒண்ணு. இவ்ளோ மெல்லிசு கம்பிய வச்சிகினு மோட்டார இழுன்னா எங்கேர்ந்து இழுக்கும்?" என்றவர், காயிலை உன் அண்ணன் முகத்துக்கு நேராக நீட்டி, "நீயே பாரு அண்ணாத்த" என்றார்.

இந்த மாதிரி நேரங்களில் நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிப்பது வழக்கம். அதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "எனக்குப் பார்வை போயிடுச்சுங்க. நடுவுல எதுவும் தெரியாது."

மூன்றாம் மனிதரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்தவச்சலம் ஐயோ என்று சொல்லவில்லை. "அதுக்கின்னா அண்ணாத்த? எனக்கு இந்தாண்ட காது அவுட்டு. சொல்றத்த அந்தாண்ட வந்து சொல்லு" என்று காயிலை அவர் கையில் வைத்தார். உன் அண்ணன் கம்பியை நகத்தால் நிமிண்டிப் பார்த்து, எவ்வளவு பருமன் வேண்டும், எத்தனை சுற்று என்று கணக்குச் சொல்ல, அவர் காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிக்கொண்டார். இரண்டு பேரும் ஒருமணி நேரம் பேசினார்கள். எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

வியாழன் முடிந்ததும் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியும் வெண்ணெயும் சாப்பாடு ஆகாது.

அன்புடன் அண்ணி,
பார்வதம்


கல்பாக்கம்
22-7-1979

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புது டிரான்ஸ்ஃபார்மர் செங்கல் மாதிரிக் கனம். மாட்டியதும் மீட்டரின் முள் அசையாமல் நின்றது. தட்டு சுழன்றது, திரை இருளவில்லை. பாதி தூரம் ஏறியிருக்கும், பெட்டி மறுபடி முதல் வரிக்குப் போய்விட்டது. அடுத்த தடவை முக்கால்வாசி. அதற்கடுத்த தடவை ஆரம்பத்திலேயே. முன்னால் ஒழுங்காகத் தகராறு செய்துகொண்டிருந்தது, இப்போது இஷ்டப்படி செய்கிறது என்றேன். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொள்வார் என்று பயந்தேன். "அப்ப தப்பு ரெண்டு. ஒண்ணைப் பிடிச்சாச்சு" என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

நான்கு நாள் தேடினோம். அளந்த இடத்திலெல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் சதுரங்கப்பட்டினம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவருகிற ஆதியம்மாள் வந்தாள். கூடையை இறக்கிவிட்டு, கூடமெல்லாம் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்து இதென்ன என்று கேட்டாள். நின்று நின்று ஓடுகிறது என்றேன்.

"எங்கூட்டு ரேடியோவும் அப்படித்தாம்மா. பாடிகினே இருக்கும், டக்குனு நின்னுடும், ஒரு தட்டு தட்டுனா பாடும். உப்புக் காத்து பட்டு உள்ள பச்சையா பூத்துகினு இருக்கும். என் வூட்டுக்காரரு எலுமிச்சம்பழம் தேச்சுத் தொடைப்பாரு. நீ இத்தக் கொண்டாந்து ஜன்னலாண்ட வச்சிகீறியே."

உன் அண்ணன் தலை நிமிர்ந்தது. தட்டுப் பெட்டிக்கு மின்சாரம் போகிற பிளக்கைக் கழற்றி உள்ளே பார் என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு துளையில் ஒன்றின் ஓரத்தில் பாசி மாதிரிப் பச்சை. ஒரு மாதத்துக்கு மேலாகக் கடல்காற்று நேராக அடிக்கிற ஜன்னலருகில் வைத்தது நான்தான், நல்ல வெளிச்சம் என்று. தட்டின் மோட்டார் அதிரும்போது அந்தத் துளையில் தொடர்பு விட்டு விட்டுச் சேர்ந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் வேண்டாம், ஸ்பிரிட் போதும் என்று அவர் சொன்னதில் ஆதியம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவள் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் அன்றைக்கு மீன் தாமதம்.

துடைத்து மாட்டினோம். முதல் வரி வந்தது. தட்டு சுழன்றது. இரண்டாவது வரி வந்தது, தம்பி. மூன்றாவது வந்தது. பிறகு ஒற்றை எழுத்தும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கூர்முனையும் வந்து, கட்டளைக்குக் காத்துக்கொண்டு நின்றன. நீ எழுதியனுப்பிய கட்டளையைத் தட்டினேன்.

எழுத்து திரை உயரத்துக்கு வந்தது. அவரைத் திரைமுன் உட்கார வைத்தேன். நேராகப் பார்க்காமல், முகத்தை வலது பக்கமாகச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். எழுத்துப் பலகையை விரலால் எண்ணி எண்ணி, ஒவ்வொன்றாகத் தட்டினார். முதலில் என் பெயரைத் தட்டுவார் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. அவர் இங்கிலீஷில் தட்டியது "வோல்டேஜ் ஓகே". அதைத் தானே எழுத்தெழுத்தாகப் படித்தார். ஓரிடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனதைத் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். நான் அடுக்களைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சிரித்தும் அழுதும் முடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம் பாடக்குறிப்பு நடக்கிறது. வேகம் போதாது, கழுத்து வலிக்கிறது, அவ்வப்போது கோபம் வருகிறது. ஆனால் கோபம் என்மேலும் பெட்டிமேலும் வருகிறதே தவிர, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதில்லை. நேற்று நரசிம்மன் சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு பக்கத்தை முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். பிறகு, ஆகஸ்டு முதல் தேதி வண்டி அனுப்புகிறேன், பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வாருங்கள், ஜன்னல் இல்லாத அறையாகப் பார்த்து வைத்திருக்கிறேன் என்றார்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன், பன்னீர். வழக்கம்போல அவருக்குப் படித்துக் காட்டினேன். நீ எழுதியிருந்ததெல்லாம், வெயில், வேலை, உன் புது வீடு எல்லாம் படித்தேன். உன் கையெழுத்து எப்படி இருந்ததென்று மட்டும் சொல்லவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிற நீ இந்தத் தடவை பெரிது பெரிதாக எழுதியிருக்கிறாய். இரண்டு இடத்தில் ஒரு வரியின்மேலேயே அடுத்த வரி ஏறியிருக்கிறது. அவசரத்தில் எழுதியிருப்பாய் என்று முதலில் எடுத்து வைத்துவிட்டேன். பிறகு போன வருஷம் கண் மங்க ஆரம்பித்தபோது உன் அண்ணன் எழுதிய பால் கணக்கு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் இதே மாதிரி வரிமேல் வரி ஏறியிருந்தது.

உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று சென்னை டாக்டர் கேட்டபோது, இல்லை என்று சொல்லிவிட்டோம். உங்கள் அப்பா கடைசிக் காலத்தில் பேப்பரை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் படித்தது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது வருகிறது.

நீ கார் ஓட்டுகிறாய். தனியாக இருக்கிறாய். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு நல்ல கண் டாக்டரிடம் நேரம் வாங்கு. ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், பைத்தியக்கார அண்ணி என்று என்னைத் திட்டி நாலு வரி எழுது. எழுத்தெழுத்தாகப் படித்துச் சந்தோஷப்படுவேன். ஏதாவது இருக்கிறதென்று சொன்னால், அதை மூன்று மாதம் சுவரைப் பார்த்துத் தனியாக வைத்துக்கொள்ளாதே. உன் அண்ணனுக்கு எழுது. இப்போது அவரிடம் சொல்லலாம், தம்பி. என்ன செய்ய வேண்டுமென்று அவருக்குத் தெரியும். மீட்டர் பிடிக்க நான் இருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிற,

உன் அண்ணி
பார்வதம்