வேலிக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? அல்லாஹ்வின் உதவியால் எத்தாளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் கதைத்தால் பின்னால் கேட்கும் சத்தத்துக்கு நீங்கள் பயப்படுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு இப்ஹாம் ஸ்பீக்கர் பெட்டிகளை வாடகைக்கு விடுபவர். பின்னேரமெல்லாம் பாட்டுப் போடுவார். என் சுவர் அதிரும். போன கிழமை போய்ச் சொன்னேன். சிரித்தார்.

“டீச்சர் ஸ்கூலால எத்தன மணிக்கு வாறீங்க எண்டு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரிப் போடுறன்.”

நானும் சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து நான் கதவைத் திறக்கும்போதுதான் பாட்டுத் தொடங்குகிறது.

நேற்று அந்தச் சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை. சமைக்கக் குசினிக்குள் போனபோது பின்கதவுக் கொண்டி வளைந்திருந்தது. யாரோ வெளியிலிருந்து நெம்பியிருக்கிறார்கள். வீட்டுக்கார மரியம் மாமியிடம் ஓடினேன். அவர் முகம் மாறிவிட்டது.

“முந்தி இருந்த டீச்சரும் சத்தம் எண்டு சொல்லித்தான் போனா, மகள்.”

பயப்படாதீர்கள். இப்போது மாமி வீட்டில்தான் இருக்கிறேன். அது இப்ஹாம் வீட்டுக்கு மற்றப் பக்கம். மாமியின் மகன் லொறியில் நம்முடைய ஊர் சம்மாந்துறைக்குப் புறப்படுகிறார். இதை அவர் கையில் கொடுக்கிறேன். நல்ல பூட்டு ஒன்றும், போர்த்திப் படுக்க நீங்கள் உடுத்த சேலை ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

உம்மா, பாட்டு நின்றுவிட்டது. இப்ஹாம் பெட்டிகளைத் தூக்கிவந்து மாமி வீட்டுப் பக்கத்து வேலியோரம் அடுக்குகிறார். லொறி ஹோர்ன் அடிக்கிறது. பூட்டு மட்டும் போதாது, தங்கச்சிக்குத் துணையாக ஸப்வான் நானாவையும் அதே லொறி திரும்பும்போது ஏற்றிவிடுங்கள்.

உங்கள் மகள்
ஸஹ்றா