மாப்பிள்ளைக்கு ஐஸ் இல்லை

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. குளிரில் நிற்காதே என்கிறார் டாக்டர். ஐஸ் கம்பெனி நடத்துகிறவள் வேறு எங்கே போய் நிற்பது? உன் டிரெய்னிங் நல்லபடியாகப் போகிறதா? இங்கே நடந்ததைப் போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீ கேட்கக் கூடாது.

மீன் மார்க்கெட்டில் காலை முதல் ஏலம் யாருக்கு என்று கிழக்கு வரிசையும் மேற்கு வரிசையும் போன வருஷம் கத்தியைத் தூக்கியது உனக்குத் தெரியும். ஒரு மாதம் இவர்கள், ஒரு மாதம் அவர்கள் என்று நம் கம்பெனியில் உட்கார்ந்துதான் பேசி முடித்தார்கள். இரண்டு பக்கமும் நம்மிடமே ஐஸ் வாங்குவதால் என்னைப் பிணையாக நிற்கச் சொன்னார்கள். பேச்சை மீறுகிற வரிசைக்கு, வழிக்கு வரும்வரை ஐஸ் கொடுக்கக் கூடாது. சரியென்று கையெழுத்துப் போட்டேன். அப்போது கிழக்கு வரிசைக்கு வேறொருவர் தலைவர். உன் வீட்டுக்காரர் அந்த இடத்துக்கு வருவார் என்று கனவா கண்டேன்?

இந்த மாதம் முறை மேற்கு வரிசைக்கு. மீன் வரத்து அதிகம், வியாபாரம் சூடு. மாப்பிள்ளை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். “அத்தை, நீங்க நம்ம ஆளு. உங்கள மாதிரி நியாயம் தெரிஞ்சவங்க வேற யாரு இருக்கா?” என்றார். ஐஸ் விற்கிறவளுக்கே ஐஸ் வைக்கிறார்! மறுநாள் அவர் வரிசைக்கு வண்டி அனுப்பவில்லை.

அதற்கடுத்த நாள் அவர் கடை மீன் நாறி, தெருமுனை வரை வாடை வந்தது. மேற்கு வரிசைத் தலைவரே மனம் கேட்காமல் வந்து, “மருமகன்தானேம்மா, நாலு கட்டி குடுத்துடுங்க. நாங்க கண்டுக்க மாட்டோம்” என்றார். நீங்கள் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், பிணை நிற்கிறவள் அப்படி இருக்க முடியாது என்று அனுப்பிவிட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு மாப்பிள்ளை இறங்கி வந்தார். முதல் ஏலம் மேற்கு வரிசைக்குப் போனது, கிழக்கு வரிசைக்கு மறுபடி ஐஸ் வண்டியும் போனது. ஆனால் எல்லார் முன்னாலும், “இனிமே உங்க வாசல மிதிக்க மாட்டேன், அவளும் மிதிக்க மாட்டா” என்று சொல்லிவிட்டார். அவள் என்றது உன்னைத்தான்.

அடுத்த வாரம் லீவில் வருகிறாய். ஸ்டேஷனிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போ. எனக்காக அவரிடம் வாதாடாதே. கூடை கூடையாக மீனைக் கொட்டிய மனிதருக்குக் கோபம் வரத்தான் செய்யும். கோபம் தணியும்வரை இங்கே வராவிட்டாலும் பரவாயில்லை. உன்னைப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது, அது என் பாடு.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லிவிடு. முன்கோபக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று உன் அப்பா தயங்கியபோது, பையன் தங்கமானவன், அதற்கு நான் பொறுப்பு என்று சொன்னவள் நான். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இருவரும் நன்றாக இருங்கள்.

உன் அம்மா