ஹெல்காவின் பிரேக் விளக்கு

ஜனவரி 12, திங்கள்

மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. என் மனைவி ஹெல்காவின் காரில் பிரேக் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு மறுபடியும் வந்துவிட்டது. போன வாரம் உடைசல் கார் கிடங்கிலிருந்து, பனியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் யூனிட் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. இன்று காலை எஞ்சின் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பியவள் வீட்டு வளைவைத் தாண்டவில்லை, விளக்கு எரிந்துவிட்டது. ஸ்கேனரைச் செருகினால் அதே வாசகம்: யூனிட்டின் உள்ளே கோளாறு. இரண்டு யூனிட்டும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வேறு என்ன?

கிராமங்களில் தனியாக இருக்கும் கிழவர்களுக்கு ஊசி போட, கட்டு மாற்ற என்று நாள் முழுவதும் ஓட்டுகிறவள். போன வியாழக்கிழமை லெந்தியிரா சாலையில் பிரேக்கை மிதித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டு, கார் பனிமேட்டில் போய்ச் சொருகி நின்றது. அடிபடவில்லை. அன்றிலிருந்து தூரத்துக் கஜானி நகர ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிப் பேசுகிறாள். போனால் வாரநாள் முழுக்க அங்கேயே அறை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"பிரேக் சரியாகட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்றாள்.

சரியாக்கிவிட்டால் போக மாட்டாள் என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் உண்டா?

ஜனவரி 14, புதன்

காரை நான் வேலை செய்யும் பட்டறைக்குள் ஏற்றிவிட்டேன். நான்கு சக்கர சென்சார்களும் நன்றாக இருக்கின்றன. பேட்டரி நன்றாக இருக்கிறது. யூனிட்டுக்கு வரும் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். எர்த் இணைப்பு சுத்தம், மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம். பட்டறையைச் சுற்றி எத்தனை வட்டம் அடித்தும் விளக்கு வரவே இல்லை.

"உன் மூஞ்சியப் பாத்ததும் பயந்து ஒளிஞ்சுக்குது" என்றான் கௌகோ. பக்கத்து மேடையில் வேலை செய்கிறவன். அவனுக்கு எல்லாமே வேடிக்கை.

ஜனவரி 16, வெள்ளி

காலையில் மறுபடியும் விளக்கு. சாப்பிடும்போது ஹெல்கா மெதுவாக ஆரம்பித்தாள். அஹ்தி கார்பினென் பார்க்கிறேன் என்கிறானாம்.

அஹ்தி! இலையுதிர்காலத்தில் ஸ்வீடனிலிருந்து திரும்பி, பழைய பால் டிப்போவில் பட்டறை போட்டிருக்கிறான். எனக்கு முன்னால் இரண்டு கோடைகாலம் ஏரிக்கரை நடனக் கொட்டகையில் இவளோடு ஆடியவன். நான் ஆடத் தெரியாதவன். அவனை எங்கே பார்த்தாள்? எப்போது பேசினாள்? கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே.

"அவன் ஒரு தடவ பாக்கட்டுமே. பாத்தா என்ன தேஞ்சா போயிடும்?"

"நான்தான் பாத்துட்டு இருக்கேனே."

"ஆமா. நீ பாத்துட்டுத்தான் இருக்க."

என் வார்த்தைதான். ஆனால் அவள் வாயில் வேறு மாதிரி கேட்டது.

ஜனவரி 17, சனி

சவுனா நீராவிக் குளியலுக்கு அவள் தனியாகப் போனாள். அவள் வந்த பிறகு நான் தனியாகப் போனேன். கல்யாணமாகி இப்படி ஒரு சனிக்கிழமை வந்ததில்லை.

ஜனவரி 19, திங்கள்

காரை அவனிடம் விட்டுவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. காபி நேரத்தில் கௌகோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என்னப்பா தைஸ்தோ, பொண்டாட்டி கடைய மாத்திட்டாளாமே?"

மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? இந்த ஊர்க் காருக்கெல்லாம் பிரேக் பாக்குறவன் நான். போலீஸ் வண்டி எங்கிட்ட வருது. ஆம்புலன்ஸ் எங்கிட்ட வருது. என் வீட்டு வண்டி மட்டும் அவன் வாசல்ல நிக்குது! நாளைக்கு ஊரே கேட்கும். என்ன சொல்வேன்? எனக்கு நேரமில்லை என்றா?

ஜனவரி 20, செவ்வாய்

பால் டிப்போ வழியாக வந்தேன். அது என் வழியில்லை. ஹெல்காவின் கார் அவன் முற்றத்தில், வெளியே, பனி மூடிக் கிடந்தது. மைனஸ் இருபத்தாறில் ஒரு வாடிக்கையாளரின் காரை இப்படிப் போட்டுவைக்கிறவன் மெக்கானிக்கா? உள்ளே இடமில்லையா, சோம்பலா? சொன்னால் வெட்கம்தான், ஆனால் வீடு வந்து சேரும்வரை எனக்கு மனசு குளுகுளுவென்றிருந்தது. ஹெல்காவிடம் சொல்லவும் செய்தேன்.

"வெளியதான் நிக்கணும்னு அவன் சொன்னான்" என்றாள். அவ்வளவுதான்.

அவன் எது சொன்னாலும் சரி.

ஜனவரி 21, புதன்

ஒரு ஹோஸ் கிளாம்ப் கடன் கேட்கிற சாக்கில் மதியம் அஹ்தியின் பட்டறைக்குப் போனேன். எங்கள் பட்டறையில் பெட்டி நிறைய இருக்கிறது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பானெட் திறந்திருந்தது. ஹெல்கா டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறாள், அவன் குனிந்திருக்கிறான். அவள் என்னவோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அவன் காரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று?

கதவைத் திறந்தேன். இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"வா தைஸ்தோ. காபி குடிக்கிறியா?" என்றான் அஹ்தி.

"வேணாம்."

"என்னன்னு கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு எடுத்துட்டுப் போகலாம்."

"யூனிட்டா?"

"இல்லப்பா. நீ மாட்டினது நல்லாத்தான் இருக்கு. பழசுகூட நல்லதுதான். எர்த்துலதான் கோளாறு."

"எர்த்த நான் பாத்தேனே."

அவன் ஹெல்காவைப் பார்த்தான். அவள் டார்ச்சைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்ன பார்வை? என்னமோ இருக்கு. ரெண்டு பேருக்கும் நடுவுல என்னமோ இருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியல. கிளாம்ப்பைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 22, வியாழன்

கார் வீட்டில். காலை மைனஸ் இருபத்து நான்கு. விளக்கு வரவில்லை.

அவன் என்ன செய்தான் என்று ஹெல்கா சொன்னாள். கூட நின்று பார்த்திருக்கிறாள், ஒன்று விடாமல் சொன்னாள். இரவு முழுக்க வெளியே உறையவிட்டிருக்கிறான். காலையில் காரை அசைக்காமல், நின்ற இடத்திலேயே மீட்டரைப் பொருத்தி, ஸ்கேனரிலிருந்து பிரேக் யூனிட்டின் பம்பை ஓடவிட்டிருக்கிறான். பம்பு மின்சாரத்தை இழுத்த அந்த நொடியில் எர்த் போல்ட்டில் மூன்று வோல்ட் தொலைந்துபோயிருக்கிறது. அதாவது யூனிட் பட்டினி. பட்டினியில் தனக்கே நோய் என்று நினைத்து விளக்கைப் போடுகிறது.

நான் பம்பு ஓடாமல் அளந்தேன். அதுவும் சூடான பட்டறைக்குள், எல்லாம் இளகிய பிறகு. அடைத்த குழாயைத் தண்ணீர் திறக்காமலே சோதித்தது போல. நான் யூனிட் மாற்றிய அந்த இரண்டு நாளும் குளிர் குறைந்திருந்தது, அதனால்தான் விளக்கு வரவில்லை. படிப்பில் முதல் வருஷம் சொல்லிக்கொடுப்பது இது.

அவன் காரை வெளியே போட்டது சோம்பலால் அல்ல. இதை எழுதுவதற்கே கை வரவில்லை.

ஜனவரி 24, சனி

ஹெல்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் பானெட்டைத் திறந்தேன்.

யூனிட்டின் எர்த் போல்ட் பளபளவென்று தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டு, தனியாக இருக்கிறது. ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒரு துளை, புது போல்ட். அதில் எஞ்சின் ஹீட்டரின் எர்த் கம்பி. கம்பியில் பச்சை டேப்.

என் டேப்.

அக்டோபரில் அந்த ஹீட்டரை மாட்டியவன் நான். குளிர்காலம் முழுக்க அவளுக்குக் காலையில் எஞ்சின் சூடாக இருக்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாட்டினேன். அதன் எர்த்தைக் காரின் உடம்புத் தகட்டில் எங்கேயாவது கொடுக்க வேண்டும். கைக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் இருந்தது. இந்த ஊரில் ஹீட்டர் மாட்டுகிற யாரும் புதுத் துளை போடுவதில்லை. யூனிட்டின் கம்பிக்கு அடியில் என் கம்பியின் வளையத்தைச் சொருகி முறுக்கினேன். மலிவு வளையம். பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அதைத் தின்றுவிட்டது. போன வாரம் அங்கேயே மீட்டரையும் வைத்தேன், என் கம்பி கண்ணெதிரே இருந்தது, உறைக்கவில்லை.

லெந்தியிரா சாலையில் அவள் சறுக்கினாள் என்றால் அது என்னால்.

அவங்களுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் தெரியும். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. என்னைப் பாத்துத்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்பி நான் போட்டது" என்றேன்.

"தெரியும்."

"அவன் சொன்னானா?"

"அவன் எங்க சொன்னான்? பச்ச டேப்ப நான்தான் பாத்தேன். நம்ம வீட்டுத் துடைப்பக் கட்டைக்கும் அதே டேப்புதான் சுத்தியிருக்கு, பனி தள்ற மம்முட்டிக்கும் அதேதான்."

"அதுக்குத்தான் சிரிச்சீங்களா?"

"ஆமா. என் கல்யாண மோதிரத்துக்குக்கூடச் சுத்தியிருப்பாருன்னு சொன்னேன், சிரிச்சான். அப்புறம் யார்கிட்டயும் சொல்லிடாதன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். கௌகோ காதுல விழுந்தா உன்ன வறுத்தெடுத்துடுவானே. அதுக்குள்ள நீ மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு வந்து நின்னுட்ட."

அப்படியானால் அந்தப் பார்வை எனக்காக. என்னை மறைப்பதற்காக. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"சரி. இப்பதான் பிரேக் சரியாயிடுச்சே. கஜானி வேணாம்ல?"

கத்தியைக் கீழே வைத்தாள்.

"பனிமேட்டுல போய் நின்னேனே, அன்னைக்கு வீட்டுக்குள்ள நுழஞ்சதும் என்கிட்ட என்ன கேட்ட? ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"எந்த ஸ்பீடுல விளக்கு வந்துச்சுன்னு கேட்ட."

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. நான் கேட்டேன் – ஏன் கேட்டேன்! – "அஹ்தி என்ன கேட்டான்?"

"பாத்தியா? இப்பவும் அவனப் பத்திதான் கேக்குற."

ஜனவரி 28, புதன்

தப்புச் செய்தவன் எல்லோருக்கும் ஏலக்காய் பன் வாங்கி வரவேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். யாரும் கேட்காமலே ஒரு தட்டு வாங்கிப்போய் மேஜையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

கௌகோ ஒரு பன்னை எடுத்துக் கடித்தான். பிறகு, "எர்த்துக்கு ஒரு தட்டு சரி. பொண்டாட்டிக்கு ஒரு தட்டு எங்க?" என்றான்.

ஜனவரி 30, வெள்ளி

கஜானிக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். மே மாதம் வரை, பிறகு பார்க்கலாம் என்கிறாள். அஹ்திக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. அவன் முற்றத்தைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. அவன் மீது எரிந்தவரை எனக்கு எளிதாக இருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

விடிவதற்கு முன் கிளம்பினாள். சாயங்காலம் போன் செய்தாள். வந்து சேர்ந்துவிட்டேன், அறை சின்னது, விளக்கு வரவில்லை என்றாள்.

எந்த இடத்தில் எவ்வளவு வேகத்தில் போனாய் என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

அவள் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சோத்காமோ ஊரத் தாண்டினதும் எதிர்ல மரம் ஏத்தின லாரி ஒண்ணு" என்று ஆரம்பித்தாள். "பனி பறந்து கண்ணாடி வழியா ஒண்ணுமே தெரியல. பிரேக்க மிதிக்கவே பயந்தேன். அன்னைக்கு லெந்தியிரால ஆன மாதிரியே ஆயிடுமோன்னு..."

பேசிக்கொண்டே போனாள். சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. நான் எழுந்து போகவில்லை.