சும்மா இருக்கும் பயிற்சி

கிம்பால், இலோயிலோ
24 மே 2018

ரோடெலுக்கு,

நேற்றும் நீ மூன்று முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன். நான் கத்தினால் அம்மா ஓடி வந்து, "நெஞ்சுல கோளாறை வச்சுக்கிட்டு இப்படிக் கத்தலாமாடி?" என்று என்னைவிட உரக்கக் கத்துவாள். அதனால்தான் இந்தக் கடிதம். பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று, எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

வீடு வந்து சேர்ந்தேன். வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். அதெல்லாம் இருக்கட்டும். என்ன நடந்தது என்று எனக்குப் புரியும்படி எழுது.

பத்தொன்பதாம் தேதி காலை மலையேற்றத்துக்கு வரிசையில் நிற்கிறோம். முதுகில் இருபது கிலோ. ஐந்து மாத கமாண்டோ பயிற்சி முடிய இன்னும் மூன்றே வாரம். பயிற்சித் தலைவர் நேராக என்னிடம் வந்து, "காபுசாவ், பையைக் கீழ வைங்க" என்றார். ஏதோ தண்டனை என்று நினைத்து நான் தண்டால் எடுக்கக் குனிந்துவிட்டேன். "அதெல்லாம் வேணாம்மா. வண்டியில ஏறுங்க" என்றார். அந்த 'அம்மா'வைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. ஐந்து மாதமாக அங்கே யாரும் என்னிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. வண்டி புறப்பட்ட பிறகு சொன்னார்கள், என்னை நிறுத்தச் சொன்ன தாளில் உன் கையெழுத்து இருக்கிறது என்று.

எண்பத்து நான்கு பேரில் மிஞ்சியது முப்பத்திரண்டு. பெண்களில் நான் ஒருத்திதான். முந்தின நாள் சுமை ஓட்டத்தில் கோட்டருகே நின்று நேரம் குறித்தவனே நீதான். நான் தேறிவிட்டேன் என்று நீயே கையைத் தூக்கிக் காட்டினாய். மறுநாள் காலை நான் நோயாளி. மணிலாவில் டாக்டர் என்னென்னவோ சொன்னார். என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஊரில் எல்லோரும் நான் பிள்ளை உண்டாகித் திரும்பியிருக்கிறேன் என்றே முடிவு செய்துவிட்டார்கள். மீன் விற்க வந்தவள், "எத்தனாவது மாசம்?" என்கிறாள். "அஞ்சாவது மாசம், பயிற்சியில" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரு பெரிய விளா மீனைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனாள்.

பதில் எழுது.
ஜோவலின்


காம்ப் லுமாபஸ்
2 ஜூன் 2018

என் ஜோவிக்கு,

உன் கடிதம் வந்தது. அதில் ஜோவி என்று போடாமல் ஜோவலின் என்று கையெழுத்திட்டிருந்தாய். கவனித்தேன்.

புரியும்படி எழுதப் பார்க்கிறேன். உங்கள் அணி முழுவதுக்கும் ஈசிஜி எடுத்தோம் அல்லவா, அதில் உன் தாளில் சில கோடுகள் மேல்நோக்கி இருக்க வேண்டிய இடத்தில் கீழே போயிருந்தன. அதனால்தான் மணிலாவுக்கு அனுப்பினோம். அங்கே எக்கோவில் பார்த்தபோது உன் இதயச் சுவர் பதின்மூன்று மில்லிமீட்டர். உன் உயரமுள்ள பெண்ணுக்கு ஒன்பது, பத்து இருக்கும். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பிறவியிலேயே வரும் ஒரு நோய். அது இருப்பவர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடுவார்கள், முன்கூட்டி ஒன்றுமே தெரியாது. இல்லையென்றால், வருஷக்கணக்காக உழைத்ததால் கெட்டிப்பட்ட நல்ல இதயம். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்கிறார் டாக்டர்.

பிரித்து அறிய ஒரே வழி, நீ மூன்று மாதம் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருப்பதுதான். உழைப்பால் தடித்தது என்றால் சுவர் மெலியும். நோய் என்றால் அப்படியே இருக்கும். ஆகவே ஓடாதே, தண்ணீர்க் குடம் தூக்காதே, உன் அண்ணன் எட்சலோடு கைமல்லுக்குப் போகாதே. பத்து வருஷமாக வீரர்களை எப்படி ஓட வைப்பது என்றே படித்தவன் நான். என் பெண்டாட்டியை எப்படி ஓடாமல் வைப்பது என்று எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் சந்தேகம் வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியுமா, சொல்.

அத்தைக்கு என் வணக்கம்.
உன் ரோடெல்


கிம்பால்
20 ஜூன் 2018

ரோடெல்,

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கால் தானாகவே பூட்ஸைத் தேடுகிறது. அம்மா தினமும் முருங்கைக்கீரை போட்ட கோழிச் சாறு வைக்கிறாள். கடைக்கு நடந்து போனால்கூட எட்சல் தன் ட்ரைசைக்கிளோடு பின்னாலேயே வருகிறான். "ஏறு. மாப்பிள்ளை எனக்கு ஆர்டர் போட்டிருக்கார்" என்கிறான். "அவரு சொன்னா நீ கேப்பியா?" என்றேன். "நீ சொன்னாத்தான் கேக்க மாட்டேன்" என்றான்.

படுக்கையை விட்டு எழும் முன் தினமும் நாடி பார்த்து எழுதி வைக்கிறேன். முகாமில் நாற்பத்து நான்கு இருந்தது. இப்போது ஐம்பத்தேழு. முதல் நாள் அது ஏறியதைப் பார்த்து அழுதேன். பிறகுதான் உறைத்தது, ஏறினால் நல்லதுதானே. கை மெலிகிறது, தொடை தளர்கிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நான் கெட்டால்தான் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இதை அம்மாவுக்கு விளக்கிப் பார்த்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

இங்கே என்னைப் பார்க்கும் டாக்டர் தேவெஸ் என்னைவிடச் சின்னவள். "நீங்க சோம்பேறியா இருந்தாத்தான் எனக்குப் பதில் கிடைக்கும். ஏமாத்தாதீங்க" என்கிறாள். ஏமாற்றவில்லை. ஒரே ஒரு நாள் பின்கட்டில் இருபது தண்டால் எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். கோப்பிலிருந்த என் ஈசிஜி தாளை அவள் காட்டினாள். மேலே மே 2 என்று அச்சாகியிருக்கிறது. நீ தலைவரிடம் கொடுத்தது 18. நடுவில் பதினாறு நாள். தாள் அங்கங்கே கைமாறி வர அவ்வளவு நாள் ஆகுமா? எனக்கு அந்த நடைமுறை தெரியாது, அதனால் கேட்கிறேன்.

ஜோவி


காம்ப் லுமாபஸ்
1 ஜூலை 2018

அன்பு ஜோவி,

நாடி ஐம்பத்தேழு என்று படித்ததும் எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இருபது தண்டாலை மன்னித்துவிட்டேன். இருபத்தொன்று என்றால் புகார் போயிருக்கும்.

உன் அணி போன மாதம் பயிற்சி முடித்துவிட்டது. முப்பத்தொரு பேர் தேறினார்கள். உன் இடத்தைக் காலியாக விட்டே நின்றார்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாகவே செய்தார்கள். தலைவரும் பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டார். இங்கே நல்ல மழை, ஓடுபாதை முழுக்கச் சேறு. என் முழங்கால் பழையபடி வலிக்கிறது.

தேதி பற்றிக் கேட்டிருந்தாய். அது பழைய இயந்திரம், சில சமயம் தேதி தவறாக விழும். அதை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகத் தூங்கு.

உன் ரோடெல்


கிம்பால்
9 ஜூலை 2018

ரோடெல்,

என் அணியில் இருந்த மற்ற இரண்டு பெண்களிடமும் கேட்டேன். அவர்கள் தாளிலும் மே 2 தான். மே தொடக்கத்தில்தான் எடுத்தார்கள் என்று இருவரும் சொல்கிறார்கள். இயந்திரத்தின் மேல் பழி போடாதே.

மே மாதம் அந்த இரண்டு வாரமும் நீ என்னை விட்டு நகரவே இல்லை. மைதானத்தில் பார்த்தால் நீ. சாப்பாட்டு வரிசையில் திரும்பினால் நீ. "தலை சுத்துதா? நெஞ்சு அடைக்குதா?" என்று எத்தனை தரம் கேட்டாய்! தோழிகள், "கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு உன் புருஷனுக்குப் புதுசா காதல் வந்திருக்கு" என்று கேலி செய்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

இப்போது எதை நினைப்பது என்று தெரியவில்லை. மழையையும் முழங்காலையும் பற்றி எழுதாதே. நடந்ததை எழுது.

ஜோவலின்


காம்ப் லுமாபஸ்
20 ஜூலை 2018

ஜோவி,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

தேதி சரிதான். மே 2 அன்று அப்போது மிஞ்சியிருந்த எல்லோருடைய தாள்களையும் டாக்டருக்கு அனுப்பும் முன் நான் வரிசைப்படுத்தினேன். உன் தாளின் அடியில் 'இயல்புக்கு மாறானது' என்று இயந்திரமே அச்சிட்டிருந்தது. அந்த ஒரு தாளை மட்டும் உருவி என் மேசை இழுப்பறையில் வைத்தேன். ஒயர் சரியாக ஒட்டாமல் இருந்திருக்கும், உனக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாள் வெளியே போனால் அன்றே உன்னை நிறுத்திவிடுவார்கள். இந்தப் பயிற்சியில் நான் இரண்டு முறை தோற்றவன். நீ ஒருத்தியாவது முடிக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் மறைத்தேன். மறைத்துவிட்டு நாள் முழுக்க உன் பின்னாலேயே அலைந்தேன், நீ விழுந்தால் பிடித்துவிடலாம் என்பதுபோல. இதயம் நின்றால் தாங்கிப் பிடித்து என்ன பயன்? வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

பதினெட்டாம் தேதி சுமை ஓட்டம். நீ கோட்டைத் தாண்டியபோது நேரத்தைப் பார்த்தேன். இரண்டாம் முறை நான் தோற்ற அன்று ஓடியதைவிட நான்கு நிமிஷம் குறைவு. கையைத் தூக்கினேன். உண்மையாகவே சந்தோஷம்தான். நீ புல்லில் மல்லாந்து விழுந்தாய். உதடு வெளுத்திருந்தது. அடுத்த அரை மணியில் இழுப்பறையைத் திறந்து தாளைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஏன் அன்றைக்கு? வெளுத்த உதட்டைப் பார்த்த பயத்திலா, அந்த நான்கு நிமிஷம் பொறுக்காமலா? இரண்டு மாதமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பயம் என்று சொன்னால் நல்லவன் ஆகிவிடுவேன், அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. பொறாமை என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும், அதையும் நம்ப முடியவில்லை.

நேற்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "இனிமேத்தான் சார் எழுதணும்" என்றேன். உடல்திறன் பிரிவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கிடங்கில் பூட்ஸ் அடுக்குகிறேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும். தாளைக் கொடுத்ததற்குக் கேட்பதா, கொடுக்காமல் வைத்திருந்ததற்குக் கேட்பதா என்றுகூடத் தெளிவில்லாமல் கேட்கிறேன்.

ரோடெல்


கிம்பால்
29 ஆகஸ்ட் 2018

ரோடெல்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எக்கோ முடிவு வரட்டும் என்றுதான் எழுதாமல் இருந்தேன். நோய் என்றால் ஒரு கடிதம், இல்லை என்றால் வேறொன்று எழுத வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

முந்தாநாள் எடுத்தார்கள். பத்து மில்லிமீட்டர். ஈசிஜி கோடுகளும் சரியாகிவிட்டன. நோய் இல்லை. டாக்டர் தேவெஸ் படத்தைப் பார்த்துக் கைதட்டினாள். "அந்தத் தாளை அனுப்பினவரைப் பாத்தா நான் கை குலுக்கணும். நிறையப் பேர் கண்டுக்காம விட்டுடுவாங்க" என்றாள். அது என் புருஷன்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பதினாறு நாள் கண்டுகொள்ளாமல் விட்டவனும் அவனே என்று சொல்லவும் வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஓடினேன். மாதா கோயில் முக்குவரை. அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. எட்சல் வண்டியை நிறுத்தி, "கமாண்டோ மேடம், ஏறுறீங்களா?" என்றான். ஏறினேன்.

நான் யோசித்ததை எழுதிவிடுகிறேன். மே மாதம் நான் உன்மேல் கோபப்பட்டது நீ தாளைக் கொடுத்ததற்காக. அதில் இப்போது கோபம் இல்லை. பயந்து கொடுத்தாயோ, பொறாமையில் கொடுத்தாயோ, அதை நீ எனக்காகக் கண்டுபிடிக்க வேண்டாம். கொடுத்தது சரிதான். ஆனால் கொடுக்காமல் வைத்திருந்தாயே, அது என்மேல் உள்ள ஆசையால் என்கிறாய். எனக்கு நோய் இருந்திருந்தால் அந்த ஆசையாலேயே செத்திருப்பேன். நோய் இல்லாமல் போனதில் உன் பங்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தாளை நீ என்னிடம் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் யோசித்தேன். "கிழிச்சுப் போடு, இன்னும் அஞ்சு வாரம்தானே" என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. ஆனாலும் கிழிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் நான். அது என் நெஞ்சு.

ஜனவரியில் அடுத்த அணி தொடங்குகிறது. மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். செய்வேன். படிவத்தில் 'அவசரத்தில் முதலில் தகவல் சொல்ல வேண்டியவர்' என்று ஒரு வரி இருக்கிறது. ஆறு வருஷமாக யோசிக்காமல் உன் பெயரை எழுதிய கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. எனக்கு ஒன்று என்றால் முதலில் தெரிய வேண்டியவன், முதலில் தெரிந்தும் சொல்லாதவன். எட்சலின் பெயரை எழுதினேன். அதற்கு மேலே 'கணவர் பெயர்' என்ற வரியில் உன் பெயர்தான் இருக்கிறது. அங்கே கை நிற்கவில்லை. இரண்டும் எப்படி ஒரே படிவத்தில் இருக்கலாம் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

மருத்துவ விடுப்பு முடிகிறது. செப்டம்பர் பன்னிரண்டு காலை என் கப்பல் மணிலா வந்து சேரும். துறைமுகத்துக்கு வா என்று நான் சொல்லவில்லை. வராதே என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கடிதத்தை முதலிலிருந்து மறுபடி எழுதினேன்.

ஜோவி