இரண்டு மணி சைரனும் உன் ஒன்பதாவது பாட்டும்

அன்புள்ள மச்சான் ஜாபருக்கு,

1989 மார்ச் 11, சனிக்கிழமை, மதியம் மூன்றே கால். ஒரு கேசட், ஒன்பது பாட்டு. எட்டுப் பாட்டில் உன் குரல் திரும்பி வந்துவிட்டது. ஒன்பதாவதில் வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அழுதேனா என்றால், இல்லை. ஷிஃப்டுக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். ராயக்கோட்டை ரோட்டில் உன்னை லாரி இடித்த இடத்தைப் பஸ்ஸில் தாண்டும்போதுகூட டிக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் வைத்தபோது, நான்கு பேருக்கு எடை சமமாக இறங்கவில்லையே என்று நினைத்தேன். இதற்கு என்ன பெயர்? டிப்ளமோவில் சொல்லித் தரவில்லை.

உன் ஓசூர் ரூமைக் காலி செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. நம் பாட்டுக் குழு பிரிந்த பிறகு நீ தனியாகப் பாடிப் பதிவு செய்தது. உன் அத்தா அதை ராயக்கோட்டைக்கு எடுத்துப்போய் வீட்டு டேப்பில் போட்டிருக்கிறார். குரல் கீச்சென்று வந்திருக்கிறது. மறுநாள் தக்காளி மண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓசூருக்குப் பஸ் ஏறி வந்து என் கையில் கொடுத்தார். நீ பாடுவதே பிடிக்காத மனுஷன்.

"யாரோ பொம்பளப்புள்ள பாடுற மாதிரி இருக்குதுப்பா. எம் பையன் கொரல் இது இல்ல. நீ மிசின் படிச்சவன்தான, அவன் கொரல எடுத்துக் குடு" என்றார்.

வாங்கிக்கொண்டேன்.

கேட்டதுமே கோளாறு புரிந்துவிட்டது. கரண்ட் இல்லாத நேரத்தில் தீர்ந்துபோன பேட்டரியில் பதிவு செய்திருக்கிறாய். மோட்டார் மெதுவாக ஓடியிருக்கிறது. அதையே நல்ல கரண்டில் போட்டால் வேகமாக ஓடும், குரல் மேலே ஏறும். புதுப் பேட்டரி நாலு வாங்குவதற்கு என்ன கேடு உனக்கு? டேப் மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் வேகம் குறையும். ஆனால் எவ்வளவு குறைத்தால் அது நீ?

அதற்கான விடையையும் கேசட்டிலேயே வைத்திருந்தாய். முதல் பாட்டுக்கு முன்னால் கம்பெனி சைரன் கேட்கிறது. உன் ரூமில் கரண்ட் இல்லை, கம்பெனியில் ஜெனரேட்டர் இருக்கிறது. சைரன் ஏறி நிற்கும்வரை காத்திருந்து, அந்தச் சுருதியிலேயே பாட ஆரம்பித்திருக்கிறாய். தனியாகப் பாடும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நம் குழுவைப் பார்த்து ஊரே சிரித்தது அதற்குத்தானே. சுருதிப்பெட்டி இல்லாத ட்ரூப். ஷிஃப்ட் சைரன் ஊதும்போது என் கிடார் கம்பியை முறுக்கி அதோடு சேர்ப்பேன். "கம்பெனிக்காரன் ஓசியில ஊதுறான், புடிச்சிக்க மாப்ளே" என்பாய். மெட்டு என்னுடையது, வார்த்தை உன்னுடையது. அத்திப்பள்ளிக் கல்யாணத்தில் நம் பாட்டைப் போட்டபோது பெண் வீட்டுக்காரர் மேடைக்கே வந்து, கன்னடத்தில் ஏதாவது சினிமாப் பாட்டு வருமா என்று கேட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு நான் பெங்களூரில் ரிதம் மிஷின் வாடகைக்கு எடுத்து வந்தேன். "இந்தச் சத்தத்துல எம் வார்த்தை செத்துப்போவுது" என்றாய். வார்த்தை யாருக்கு வேணும் என்றேன். அத்தோடு குழு முடிந்தது. யார் சரி என்று இன்று வரை பேசித் தீர்க்கவில்லை. இனி எப்படித் தீர்ப்பது?

நான் போட்ட தனிக் கேசட்டின் கதை உனக்குத் தெரியாது. வெறும் கிடார், வெறும் மெட்டு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போடச் சொன்னேன். ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்த பெரியவர், "மியூசிக்கு நல்லாருக்குது. பாட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டார்.

இன்று இரண்டு மணிக்கு சைரன் ஊதியபோது கிடாரை எடுத்தேன். நாம் பிரிந்த பிறகு அதைச் சைரனோடு சேர்த்ததில்லை. கம்பியைச் சேர்த்தேன். பிறகு உன் கேசட்டை ஓடவிட்டு, அதிலிருக்கும் சைரன் என் கம்பியோடு ஒன்றாகும்வரை திருகைத் திருப்பினேன். கீச்சுக்குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கி நீயானாய்.

அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது. எட்டுப் பாட்டும் கேட்டேன். மெட்டெல்லாம் நீயே போட்டது. நன்றாக இருக்கிறது. என் கிடார் இல்லாமலே நிற்கிறது. அதை மறைத்துச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்பதாவது பாட்டுக்குள் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டது. மறுபடி கீச்சென்கிறது. அதற்கு முன்னால் சைரனும் இல்லை. திருகை இன்னும் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நீ மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தள்ளினாலும் நீ மாதிரியே இருக்கிறது. எனக்கு உன் குரல் மறக்க ஆரம்பித்துவிட்டதா மச்சான்?

இனி செய்யப்போவது:

1. நாளை எட்டுப் பாட்டையும் சரியான வேகத்தில் புதுக் கேசட்டில் ஏற்றுவேன். எந்த டேப்பில் போட்டாலும் உன் குரலாகவே கேட்கும்.

2. அதில் கிடார் சேர்க்கமாட்டேன். ரிதமும் கிடையாது.

3. அதன் மேலே யாரும் தெரியாமல் பதிவு செய்துவிடாதபடி கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளையும் உடைத்துவிடுவேன்.

4. வெள்ளிக்கிழமை உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, டேப்பையும் ஸ்க்ரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு அத்தா பக்கத்தில் உட்காருவேன். ஒன்பதாவது பாட்டைப் போட்டு மெதுவாகத் திருப்புவேன். "இதாம்பா எம் பையன்" என்று அவர் எந்த இடத்தில் சொல்கிறாரோ, அங்கே கையை எடுத்துவிடுவேன்.

உன் மாப்ளே,
செல்வம்