குண்டூசிக்கு ஓட்டா?

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடுவில் கொஞ்சம் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். உன் முதுகுவலி குறைந்ததா, ஆபீசில் வேறு நாற்காலி கேட்டாயா என்று தெரிந்தால் இன்னும் நன்றாக இருப்போம். போனில் பேசினால் பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது பார்.

நீ சொன்னதையெல்லாம் யோசித்தேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை, பக்கத்து சீட்டுக்காரன் அது நீன்னு தெரியாமலே அந்தப் படத்தை என்கிட்டயே காட்டிச் சிரிக்கிறான், மனுவை வாபஸ் வாங்கிடு" என்றாய். உன் குரல் உடைந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால் ஒரே தெருவிலிருந்து வரிசையாக மஞ்சள் காமாலைக்காரர்கள் எங்கள் லேபுக்குப் பரிசோதனைக்காக ரத்தம் கொடுக்க வந்தபோது, குடிதண்ணீர்க் குழாயைப் பாருங்கள் என்று வார்டு ஆபீசுக்கு நடந்து என் செருப்புதான் தேய்ந்தது. அதனால்தான் கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறேன். போனில் என்னைப் பற்றிக் கண்டபடி எழுதிப் போடுகிறவர்களில் ஒருவர்கூடக் குழாயைப் பற்றி என்னைக் கேட்கவில்லை. "இந்த வயசுல லிப்ஸ்டிக் ஒரு கேடா" என்கிறான் ஒருவன், "வீட்ல சோறாக்க ஆள் வச்சிட்டியா" என்கிறான் இன்னொருவன், மற்றதை என் கையால் உனக்கு எழுத மாட்டேன், நீயே படித்திருப்பாய். என்னை எதிர்த்து நிற்கும் சிமென்ட் கடைக்காரர் சட்டைப் பொத்தான் தெறிக்கிற தொப்பையோடு போஸ்டரில் சிரிக்கிறார், அவர் வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. முதல் நாள் படித்தபோது எனக்கும் கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு யார் உடம்பிலும் ஊசி குத்தக் கூடாது என்று அன்று லீவு போட்டேன். மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன்.

இதற்குள் உன் அப்பா எனக்குத் தெரியாமல் "நடுநிலையாளன்" என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கிச் சண்டைக்குப் போயிருக்கிறார். "இந்த வேட்பாளரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை" என்று கம்பீரமாக ஆரம்பித்தவர், கடைசி வரியில் "எங்க வீட்டுக்காரி அப்படிப்பட்டவ இல்லடா" என்று முடித்துவிட்டார். வார்டே சிரித்தது, நானும்தான். கணக்கை மூட வைத்தேன், திட்டவில்லை.

"முகம் தெரியாதவங்களோட எப்படிம்மா மல்லுக்கட்டுவ?" என்று கேட்டாயே, அதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. உன் ஆபீஸ் வரைக்கும் வந்த அந்தப் படத்தில் குண்டூசிக்குத் தலையாக என் தலையை ஒட்டி, கீழே "குண்டூசிக்கு ஓட்டா?" என்று போட்டிருந்தான் அல்லவா, நான் ஊசி போடுகிறவள் என்பதால்தான் என்று அப்பாவும் நீயும் நினைத்தீர்கள். ரத்தம் எடுக்கிற ஊசியை யாராவது குண்டூசி என்பார்களா? சின்ன வயதில் நான் ஒல்லிக்குச்சி உடம்பும் பெரிய தலையுமாக இருந்தேன். அப்போது அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் உன் மாமா.

நேராக அவனுடைய செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனேன். "தலை சைஸ் சரியா வந்திருக்குடா" என்றேன். "என்னக்கா?" என்று நிமிர்ந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் ஸ்குரூடிரைவரைக் கீழே விட்டான். சும்மா தமாஷுக்குத்தானாம், நிறைய பேர் ஷேர் பண்ணுவார்கள் என்றுதானாம். சிமென்ட் கடைக்காரரை வைத்துத் தமாஷ் பண்ண வேண்டியதுதானே என்றேன். "ஆம்பளையைப் போட்டா வீடு தேடி வந்துடுவான்க்கா, பொம்பளைங்கன்னா ரெண்டு நாள் அழுதுட்டு விட்டுடுவாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். "அதான் வந்துட்டேனே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடைந்த போனோடு நின்றிருந்த பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தான் போட்ட படத்தை என் கண் முன்னாலேயே நீக்கினான், ஆனால் அது அதற்குள் எங்கெங்கோ போய்விட்டது, அதை இனி யாராலும் அழிக்க முடியாது. நீ அவனிடம் போனில் சண்டைக்குப் போகாதே, அது எனக்கும் என் தம்பிக்கும் உள்ள கணக்கு, இன்னும் தீரவில்லை.

திரும்பி வரும் வழியில் அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ராத்திரியெல்லாம் நான் பயந்த அந்த முகமில்லாத கூட்டத்தில் ஒவ்வொருவனும் யாரோ ஒருத்திக்குத் தம்பி, யாரோ ஒருத்தியிடம் சாப்பாடு கேட்கிறவன் என்று தோன்றியது. அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை, ஆனால் பயம் விட்டுப்போயிற்று.

வாபஸ் வாங்க இன்று மதியத்தோடு நேரம் முடிந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு கைக்குழந்தையின் பிஞ்சுக் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்தது. உனக்கு வெட்கமாக இருந்தால் இரு கண்ணா, அதற்காக உன்மேல் எனக்கு வருத்தமில்லை, எனக்கு வெட்கமாக இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். பக்கத்து சீட்டுக்காரன் மறுபடி அந்தப் படத்தைக் காட்டினால், இது எங்கம்மா என்று சொல்லிப் பார், அப்புறம் அவன் எப்படிச் சிரிக்கிறான் என்று எனக்கு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள், குனிந்தே உட்காராதே. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நாங்கள் இருக்கிறோம். ஒன்று மறந்துவிடாதே, உன் பெயர் இன்னும் நம் வார்டு வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறேன், உன் வீடு மட்டும் தூரம். அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தங்கள் பொன்னான வாக்கை எனக்கே அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வார்டு வேட்பாளர்,
அம்மா